சொக்காவும் ஐம்பது மைக்ரான் சாக்ஸும்

1. பம்ப் ஹவுஸ்

மீன் தொட்டி வேலைக்கு வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பம்ப் ஹவுஸில் இருந்தேன். கடலிலிருந்து தண்ணீர் இழுத்து உள்ளே அனுப்பும் இடம் அது. பம்புக்கு முன்னால் ஒரு இரும்புச் சல்லடை மாடி உயரத்துக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு ஸ்க்ரீன் என்று பெயர். கடல் கொண்டுவரும் பாசி, பிளாஸ்டிக், அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு எல்லாம் அதில் மாட்டிக்கொண்டு மேலே வரும். தண்ணீரைப் பீய்ச்சி அதையெல்லாம் கழுவித் தள்ளுவது என் வேலை.

ஒரு நாள் காலை ஷிஃப்ட்டில் ஜெல்லி மீன் கூட்டம் வந்தது. கடலே கொஞ்சம் கெட்டிப்பட்டு வருகிற மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், ரிப்பேருக்காகக் கழற்றி வைத்திருந்த ஒரு தட்டின் இடைவெளி வழியாக அவை பம்புக்குள் போய்விட்டன. பம்ப் நின்றது. இன்ஜினியர் ஓடி வந்தார்.

"யோவ், ஸ்க்ரீன் இல்லாம பம்ப் ஓட்றதும் கதவு இல்லாம குடித்தனம் பண்றதும் ஒண்ணுய்யா" என்றார்.

தட்டைக் கழற்றியது நான் இல்லை. ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்டது நான். அந்த வாக்கியம் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிற்பாடு நான் ஒரு மீனைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்ததற்கு அந்த வாக்கியமும் ஒரு காரணம்.

2. மதிய ஷிஃப்ட்

பம்ப் ஹவுஸ் கான்ட்ராக்ட் முடிந்த பிறகு கல்மண்டபத்தில் ஒரு மீன் தொட்டிக் கடையில் சேர்ந்தேன். உப்புத் தண்ணீர்த் தொட்டிகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆபீஸ், ஓட்டல், ஆஸ்பத்திரி என்று வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இடம் போவேன். அதில் எனக்கு மிகவும் பிடித்துப்போன இடம் திருவொற்றியூரில் ஒரு டயாலிசிஸ் சென்டர்.

முதல் மாடி. எட்டு சாய்வு நாற்காலி, எட்டு மெஷின். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து, நாலு மணி நேரம் உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். எதிர்ச் சுவர் முழுக்க எங்கள் தொட்டி. அந்த நேரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

செருப்பைக் கழற்றி, மாஸ்க் போட்டுக்கொண்டு அந்த ஹாலுக்குள் நுழைந்தாலே எனக்கு நடை தானாக மெதுவாகிவிடும். மெஷின்கள் ஒரே சீராக முனகும். கீழே கன்டெய்னர் லாரி போனால் தொட்டித் தண்ணீரில் சின்ன வளையம் எழும்பி, கூரையில் விழும் வெளிச்சம் ஆடும். அரைத் தூக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது கேட்பார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் திறக்காமலே "அலை ஏறிடிச்சா?" என்று கேட்டார். "எறங்கிடிச்சு, நைனா" என்றேன். அவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

சென்டரை நடத்துகிறவர் பாக்கியம் மேடம். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அப்பாவுக்கு மொத்த மளிகை வியாபாரம். எங்கள் கடைக்கு முன்னால் வேறு யாரோ பார்த்துக்கொண்டபோது அந்தத் தொட்டியில் அடுத்தடுத்து இரண்டு மீன்கள் செத்து மிதந்திருக்கின்றன. முதல் நாளே என்னை நிற்கவைத்துச் சொன்னார்.

"அண்ணாச்சி, மீன் சாவறது உங்களுக்கு சாதாரணம். இங்க உக்காந்திருக்கவங்களுக்கு அப்படி இல்ல. அன்னைக்கு மீன் மெதக்குறத பாத்துட்டு ரெண்டு பேரு அடுத்த தடவ வரவே மாட்டேன்னுட்டாங்க. வீட்டுக்குப் போயி நான் கெஞ்சி கூட்டிட்டு வந்தேன். இனி ஒண்ணு செத்துச்சுன்னா தொட்டிய எடுத்துருவேன், பாத்துக்கிடுங்க."

3. சொக்கா

அந்தத் தொட்டியின் ராஜா ஒரு மாண்டரின் மீன். கட்டைவிரல் நீளம். பச்சை, ஆரஞ்சு, நீலம் எல்லாம் வளைந்து நெளிந்து ஓடும் உடம்பு. பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறதென்று நோயாளிகள் அதற்குச் 'சொக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் வைத்தது மூன்றாம் நாற்காலி யசோதரா.

யசோதராவுக்கு நாற்பது வயதிருக்கும். வியாசர்பாடி. கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் சீல் நம்பர் சரிபார்த்து எழுதும் வேலை. ஒரு கையில் ஊசி இருப்பதால் அந்தக் கையை அசைக்க முடியாது. மிச்சமிருக்கும் கண்ணும் வாயும் ஓயாது. நான் தொட்டியைத் துடைத்தால், "ண்ணா, அந்த மூலைல கீது பாரு, அத்த உட்டுட்டே" என்பார். நம்பர் பார்க்கிற கண்.

சொக்கா மற்ற மீன்களைப் போலத் தண்ணீரில் நீந்தித் திரியாது. பாறைமேல் தத்தித் தத்திப் போகும். இரண்டு அடி போய் நிற்கும், குனிந்து பாறையை ஒரு கொத்து, மறுபடி இரண்டு அடி. நாளெல்லாம் இதே வேலை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியாது. நானே துணியைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

அது கொத்துவது பாறையை அல்ல. பாறைமேல் ஊரும் பூச்சிகளை. மணலைவிடச் சின்னதாக, வெள்ளையாக, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும். எங்கள் தொழிலில் 'பாட்' என்போம். சொக்காவை விடும்போதே கடை முதலாளி சொன்னார்: "இது நம்ம போட்ற தீனிய தொடாதுப்பா. ரெஃப்யூஜியத்துல வெளையறதுதான் இதுக்கு சோறு." என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

4. சாக்ஸ்

ரெஃப்யூஜியம் என்றால் என்னவென்று இந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரிய தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டி இருக்கும். மேலேயிருந்து வழியும் தண்ணீர் முதலில் ஒரு துணிப் பைக்குள் விழும். பையின் பேர் சாக்ஸ். மீன் கழிவு, மிச்சத் தீனி எல்லாம் அதில் நின்றுவிடும். அடுத்த அறைதான் ரெஃப்யூஜியம், அதாவது அடைக்கலம். அங்கே மீன் கிடையாது. பச்சைப் பாசி பந்துபந்தாகச் சுருண்டு கிடக்கும், மேலே ஊதா விளக்கு எரியும். தின்ன வருகிறவன் யாரும் இல்லாததால் பாட் பூச்சிகள் அதில் நிம்மதியாகப் பெருகும். அங்கிருந்து தண்ணீர் பம்ப் அறைக்குப் போய், பம்ப் அதை மேலே ஏற்றும்.

அலமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டால் வேறு உலகம். ஊதா வெளிச்சம், உப்பு வாசனை, தண்ணீர் விழும் சத்தம். மெஷின் முனகல் எங்கோ தூரத்தில் கேட்கும். முட்டி போட்டபடியே ஒருமுறை தூங்கியிருக்கிறேன்.

அந்த அறையில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. ரெஃப்யூஜியத்துக்கும் பம்புக்கும் நடுவே சல்லடை இல்லை. தண்ணீர் அப்படியே பம்புக்குள் போகிறது. பாசித் துணுக்கு ஒன்று பம்பை நோக்கி மிதந்து போனதைப் பார்த்ததும் பழைய இன்ஜினியரின் குரல் காதுக்குள் கேட்டது. மறுநாளே கடையிலிருந்து ஒரு சாக்ஸ் எடுத்து வந்து, தண்ணீர் பம்ப் அறைக்குப் போகும் வாயில் கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கடலையே சலித்தவன், இந்தத் தொட்டிக்கு யாரைக் கேட்பது என்ற நினைப்பு.

முதலில் இருநூறு மைக்ரான். பிறகு நூறு. கடைசியில் ஐம்பது. எண் குறையக் குறைய ஓட்டை சின்னது. வாரம் இரண்டு முறை அதைக் கழற்றிக் குழாயடியில் வெளுக்கத் துவைத்து மாட்டுவேன். தண்ணீர் தெளிந்த தெளிவில் பாக்கியம் மேடமே அசந்துபோனார். "அண்ணாச்சி, தொட்டியில தண்ணியே இல்லாத மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

5. முட்டை

முதலில் பார்த்தது யசோதராதான்.

"ண்ணா, சொக்கா எளச்சிகினு போவுது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. தண்ணி கண்ணாடி மாதிரி கீது பாரு."

"தண்ணி ஷோக்காதான் கீது. நான் தண்ணிய சொல்லல, மீன சொல்றேன். முன்ன வவுறு உப்பலா இருந்திச்சு. இப்போ முதுகுல கோடு வுழுந்து கீது."

நான் டெஸ்ட் கிட்டை எடுத்தேன். அமோனியா இல்லை. உப்பு சரி. நைட்ரேட் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எல்லாக் குப்பிகளும் நல்ல நிறம்தான் காட்டின. ஆனால் மீன் இளைத்திருந்தது உண்மை. தலைக்குப் பின்னால் சதை உள்வாங்கியிருந்தது. இரண்டு அடி போய் நிற்கும், குனியும், கொத்தாமல் நிமிரும்.

தெரிந்த வைத்தியம் ஒன்றுதான் எனக்கு: இன்னும் சுத்தம். சாக்ஸை வாரத்துக்கு மூன்று தடவை கழுவினேன். பாறைகளை பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மீன் இன்னும் இளைத்தது.

பத்து நாள் கழித்து ஒரு மதியம். நான் கழற்றிய சாக்ஸை வாளியில் போட்டுக்கொண்டு மூன்றாம் நாற்காலியைத் தாண்டினேன். டெக்னீஷியன் காதர் வேக வைத்த முட்டையின் வெள்ளைக் கருவைத் தட்டில் வைத்து யசோதராவிடம் நீட்டிக்கொண்டிருந்தான். யசோதரா மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டார்.

"புடிக்காததை ஏன்மா துன்றே?" என்றேன்.

"இன்னா பண்றது? இந்த மிஷினு கீதே, இது கலீஜ மட்டும் எடுக்காதாம். ஒடம்புல கீற சத்தையும் கொஞ்சம் சேத்து இட்டுகினு பூடுமாம். சலிக்கிற சாமானுக்கு இன்னா தெரியும், எது கெட்டது எது நல்லதுன்னு? அதான் காதரு முட்டைய குடுத்துகினே கீறான்."

காதர் சிரித்தான். "அக்கா நம்மள வேலைய உட்டு தூக்கிடும் போல. பாடத்தையெல்லாம் இதுவே சொல்லுது."

நான் சிரிக்கவில்லை. வாளியைப் பார்த்தேன். எத்தனை நாளாக இந்தச் சாக்ஸைக் குழாயடியில் பிழிந்தேன் என்று கணக்குப் போட மனம் வரவில்லை. காதரிடம் ஒரு வெள்ளைக் கிண்ணம் கேட்டு வாங்கி, தொட்டித் தண்ணீரை ஊற்றி, சாக்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி அதில் அலசினேன். போன் டார்ச்சை அடித்தேன்.

கிண்ணம் முழுக்க உயிர். புள்ளி புள்ளியாகத் துள்ளிக்கொண்டிருந்தன. சொக்காவின் சோறு. கீழே விளைந்ததெல்லாம் மேலே போகாமல் என் ஐம்பது மைக்ரானில் நின்றிருக்கிறது. நான் அதை வாரம் மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவிச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். மேலே பாறையில் மிச்சமிருந்ததையும் பிரஷ் போட்டுத் தேய்த்துத் தீர்த்திருக்கிறேன்.

"இன்னாண்ணா, மூஞ்சி செத்துப் போச்சு?" என்றார் யசோதரா.

"நான்தாம்மா அத்த பட்டினி போட்டேன்" என்றேன். கிண்ணத்தைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6. கலங்கல்

அன்றைக்கே அந்தச் சாக்ஸை எடுத்துவிட்டேன். பாசி பம்புக்குள் போகாமலிருக்க அகலக் கண் வைத்த பிளாஸ்டிக் தட்டியை மட்டும் வைத்தேன். கிண்ணத்தில் இருந்ததைப் பெரிய தொட்டிப் பாறைமேல் ஊற்றினேன். ரெஃப்யூஜியத்துப் பாசியில் ஒரு பந்தை எடுத்து மேல் தொட்டித் தண்ணீரில் உதறினேன். பூச்சியோடு தூசியும் சேர்ந்து இறங்கியது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராயிற்று.

பிரச்சினை அங்கே தொடங்கியது. அடுத்த முறை போனபோது பாக்கியம் மேடம் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது? தண்ணியும் கலங்கிக் கெடக்கு, மீனும் தோலா கெடக்கு. இது பொழைக்காது. இப்பமே எடுத்துட்டுப் போயிருங்க. போனா கடையிலயே போவட்டும், இவங்க கண்ணு முன்னால வேண்டாம்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் வலையில் பிடித்து, கவரில் போட்டு, வண்டியில் கல்மண்டபம் வரை குலுக்கிக்கொண்டு போனால் அந்த உடம்பு தாங்காது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி வாதாட எனக்கு என்ன உரிமை. தப்பு என்னுடையது. வலையை எடுக்கத் திரும்பினேன்.

"மேடம்" என்றார் யசோதரா. ஹாலில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். "சொக்காவ தூக்கினு பூட்டா, எங்க பூட்ச்சின்னு நாங்கோ கேக்க மாட்டோமா? அஞ்சாவது சேரு பத்து நாளா காலியா கீது. அந்தப் பெரிவரு எங்கன்னு கேட்டா, ஊருக்குப் போய்க்கிறாருன்றீங்கோ. எங்களுக்குத் தெரியாதா? போறது போவட்டும் மேடம். இங்கியே இருந்து போராடிப் பாக்கட்டும். நாங்கோ பாத்துகினு இருக்கறோம்."

அலை ஏறிவிட்டதா என்று கேட்ட பெரியவரின் நாற்காலி அது. அவர் போய்விட்டது எனக்கு அதுவரை தெரியாது.

பாக்கியம் மேடம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "தண்ணி எப்பம் தெளியும்?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம் கலங்கலாவே இருக்கட்டும் மேடம்" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வருமென்று நானே நினைத்ததில்லை. "அதுலதான் அதோட சோறு கீது."

"சரி, உங்க இஷ்டம்" என்று போய்விட்டார்.

7. புதியவர்களுக்கு

தொழில் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெஃப்யூஜியத்துக்கு முன்னால் சாக்ஸ் போடுங்கள், இருநூறு மைக்ரான் போதும். மூன்று நாலு நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள். இல்லையென்றால் பிடித்த அழுக்கு அதிலேயே மக்கிப்போகும். ரெஃப்யூஜியத்துக்குப் பின்னால் நெருக்கமான துணி கட்டாதீர்கள். தண்ணீர் கொஞ்சம் மங்கினால் பதறாதீர்கள். ஒரு சல்லடையை மாட்டுவதற்கு முன்னால், அந்தத் தண்ணீரில் யாருடைய சாப்பாடு போகிறதென்று கேளுங்கள். டெஸ்ட் கிட்டை மட்டும் நம்பாதீர்கள், மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர் சொல்வதையும் நம்புங்கள். இவ்வளவுதான் நான் கற்றது. கற்றுக்கொள்ள ஒரு மீனை எலும்பாக்கினேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் உண்டு.

மூன்று வாரம், போகும்போதெல்லாம் பாசியை உதறினேன். எங்கள் கடைத் தொட்டியிலிருந்து பூச்சி அண்டிய கல் துண்டுகளைக் கொண்டுவந்து ரெஃப்யூஜியத்தில் போட்டேன். சொக்கா பெரும்பாலும் ஒரு பாறை இடுக்கிலேயே கிடந்தது. ஹாலில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் வந்ததும் எல்லோரும் அந்த இடுக்கைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு நாள் மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன்.

நாலாவது வாரம் ஒரு மதியம். வெயில் ஜன்னல் திரை வழியாக இறங்கித் தொட்டியில் விழுந்திருந்தது. தண்ணீரில் தூசியும் பூச்சியும் பொடிப்பொடியாக மினுங்கி, மேலும் கீழுமாக மிதந்தன. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அலமாரிக்குள் தலையை விட்டிருந்தேன். மேலே யசோதரா முணுமுணுப்பாக எண்ணுவது கேட்டது. ஒண்ணு. ரெண்டு. மூணு.

எழுந்து பார்த்தேன். சொக்கா வெளியே வந்திருந்தது. இரண்டு அடி, நின்றது, குனிந்தது, கொத்தியது. மறுபடி இரண்டு அடி. கொத்து. நாற்பது வரை எண்ணினோம், பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்க முடியவில்லை, இரண்டு கையும் உப்பு.

யசோதராவின் மெஷின் பீப் அடித்தது. நாலு மணி நேரம் முடிந்ததற்கான சத்தம். அது அடித்த பிறகு அந்த ஹாலில் யாரும் ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாக உட்கார்ந்ததில்லை. காதர் கையுறை மாட்டிக்கொண்டு ஊசியை எடுக்க வந்தான்.

"இரு காதரு" என்றார் யசோதரா. கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை. "அது துன்னுகினு கீது."